தை மாதக் கல்யாணமும் ஒரு சாம்பல் பல்லும்

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 27. தை மாதம் கல்யாணம், கையில் மூன்றரை மாதம் இருக்கிறது. பல் எல்லாமே மஞ்சள். மேல் முன்பல்லில் ஒன்று மட்டும் சாம்பல் நிறம். பன்னிரண்டு வயதில் கிரிக்கெட் பந்து பட்ட பல். நாளைக்கு ஆறு டீ. இரண்டு மாதமாகக் கரிப்பொடி போட்டுத் தேய்த்ததில் இப்போது கூச்சம் வேறு. பாண்டிச்சேரியில் ஒரு கிளினிக்கில் ‘லேசர் ஒயிட்னிங், ஒரே சிட்டிங், எட்டு ஷேடு வெளுக்கும்’ என்றார்களாம். செய்யலாமா, வேறு வழி உண்டா என்பது கேள்வி. கடைசி வரியில் ஒரு துணைக்கேள்வியும் இருக்கிறது: அப்பா முப்பது வருடமாக வெற்றிலை பாக்கு போடுகிறார், அவர் பல்லையும் கல்யாணத்துக்குள் வெள்ளையாக்க முடியுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தம்பி, உங்கள் வாயில் இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, மூன்று. பல்லின் மேல் ஒட்டிய டீக்கறை ஒன்று. பல்லுக்கு உள்ளேயிருந்து தெரியும் மஞ்சள் இன்னொன்று. அடிபட்ட பல்லின் சாம்பல் மூன்றாவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அந்த ஒரே சிட்டிங் இரண்டாவதை மட்டும்தான் தொடும். முதலாவதற்கு அது தேவையே இல்லை, மூன்றாவதற்கு அது போதாது.

எது எவ்வளவு என்பதை நீங்களே ஓரளவு பார்த்துவிடலாம். காலையில் பல் தேய்த்தபின், டியூப்லைட்டில் அல்ல, வாசல் வெளிச்சத்தில் ஒரு கைக்கண்ணாடியோடு நில்லுங்கள். உதட்டைத் தூக்கி, பஞ்சால் பல்லை ஈரம் போகத் துடையுங்கள். ஈறோரத்தில் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வந்தால் அது பாசி. சரியாகத் தேய்க்கவில்லை என்று அர்த்தம். சொரசொரப்பாக, நகத்துக்கு அசையாமல் இருந்தால் காரை. பல்லிடுக்குகளில் பழுப்புக் கோடாக இருந்தால் டீ. இதெல்லாம் இல்லாமல் வழவழப்பாக, பளபளப்பாக இருந்தும் மஞ்சளாகவே தெரிந்தால் அது பல்லின் சொந்த நிறம். அப்படியே கோரைப்பல்லையும் பாருங்கள், பக்கத்துப் பல்லைவிட ஒரு படி மஞ்சளாக இருக்கும். அது நோய் இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான்.

சொந்த நிறம் என்றால் என்ன? எனாமல் என்பது பல்லின் மேலே இருக்கும் பால்கண்ணாடி மாதிரி. அதற்குக் கீழே டென்டின் என்ற அடுக்கு. அதன் நிறமே மஞ்சள். கண்ணாடி தடிமனாக இருந்தால் வெள்ளையாகத் தெரியும், மெலிந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் எட்டிப்பார்க்கும். வயதாக ஆகப் பல் மஞ்சளாவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கரிப்பொடியை நீங்களே தூக்கிப் போட்டுவிடுவீர்கள். கரி அந்தக் கண்ணாடியைத்தான் தேய்க்கிறது. முதல் வாரம் டீக்கறை போவதால் ‘ஆகா, வெளுத்துவிட்டதே’ என்று தோன்றும். மாதக்கணக்கில் போனால் எனாமல் மெலிந்து, எந்த மஞ்சளைப் போக்க ஆரம்பித்தீர்களோ அதுவே கூடும். எனாமல் திரும்ப வளராது. உங்களுக்கு வந்திருக்கும் கூச்சம் அதன் முதல் அறிகுறி. 2017இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில், கரி பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து எழுதினார்கள். அது வெளுக்கச் செய்யும் என்பதற்கோ, பாதுகாப்பானது என்பதற்கோ போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் முடிவு.

‘எங்க பாட்டி அடுப்புக்கரியில்தானே தேய்த்தாள், பல் கொட்டவில்லையே’ என்பீர்கள். எங்கள் பாட்டியும்தான். ஆனால் அவர்கள் விரலால் தேய்த்தார்கள், நாளைக்கு ஒருமுறை தேய்த்தார்கள், ஆறு டீயும் குளிர்பானமும் குடிக்கவில்லை. அப்படியும் அந்தத் தலைமுறையில் பலருக்கு ஈறோரத்தில் பல் ஆப்பு வெட்டினாற்போல் குழிந்திருப்பதை நான் தினம் பார்க்கிறேன். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றுதான் பழமொழி. உறுதி என்றார்கள், வெள்ளை என்று யாரும் சொல்லவில்லை.

எலுமிச்சையும் உப்பும் கரியைவிட மோசம். அமிலத்தை அளக்கும் எண் பி.எச்.; எண் குறையக் குறைய அமிலம் கூடும். வாயில் அது 5.5க்குக் கீழே போனாலே எனாமல் கரைய ஆரம்பிக்கும். எலுமிச்சைச் சாறு 2, 3 என்ற அளவில் இருக்கிறது. அமிலத்தில் ஊறி இளகிய பல்லை உப்புக்கல்லால் தேய்த்தால் என்ன ஆகும்? சமையல் சோடா அவ்வளவு முரடு இல்லை, மேல்கறையைக் கொஞ்சம் எடுக்கும், உள் நிறத்தை மாற்றாது. நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் கெடுதல் இல்லை, பல்லும் வெளுக்காது. ஒயிட்னிங் என்று எழுதிய பேஸ்டுகளில் பெரும்பாலானவை மேல்கறையைச் சுரண்டுகிறவைதான். சிலவற்றில் நீல நிறப்பொருள் இருக்கும். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிற அதே தந்திரம், சில மணி நேரத்துக்கு மஞ்சளை மறைக்கும்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். முதல் வேலை க்ளீனிங். இந்த இடத்தில்தான் நம் ஊரில் எல்லோரும் தயங்குவார்கள். ‘பல் க்ளீன் பண்ணினால் பல் ஆடிவிடும் டாக்டர், எனாமல் போய்விடும்’ என்பார்கள். எங்கிருந்து இந்தப் பேச்சு வந்தது என்று எனக்குத் தெரியும். கீழ்வரிசை முன்பல்லின் உள்பக்கம் நாக்கை வைத்துப் பாருங்கள். எச்சில் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து பாசியின் மேல் இறுகி இறுகிக் காரையாகிறது. சிலருக்கு நான்கைந்து பல்லை ஒன்றாகச் சேர்த்துச் சுவர் பூசினாற்போல் இருக்கும். அதன் அடியில் ஈறு வீங்கிப்போய், எலும்பு கரைந்து, பல் ஏற்கெனவே ஆட ஆரம்பித்திருக்கும். காரைதான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் நாக்குக்குச் சந்து தெரியும், ஆட்டமும் தெரியும். பழி க்ளீனிங்கின் மேல் விழும். இருபத்தேழு வயதில் உங்களுக்கு அந்த நிலைமை இருக்க வாய்ப்புக் குறைவு. இயந்திர முனை அதிர்வாலும் தண்ணீராலும் காரையை உதிர்க்கிறது, பல்லைச் சீவுவதில்லை. பிறகு பாலிஷ் போட்டால் டீக்கறை முழுக்கப் போய்விடும்.

க்ளீனிங் முடிந்து பதினைந்து நாள் கழித்து அதே வாசலில் அதே கண்ணாடியோடு நில்லுங்கள். ‘இவ்வளவு போதும் டாக்டர்’ என்று அங்கேயே நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அவர்களை அதற்குமேல் செலவு செய்ய நான் சொல்வதில்லை. செலவுக்கு யோசிப்பவர்கள் பாண்டிச்சேரி கோரிமேட்டில் இருக்கும் மகாத்மா காந்தி முதுநிலைப் பல் மருத்துவ நிலையத்துக்கோ, சிதம்பரம் அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசுக் கல்லூரியாகிவிட்ட பல் மருத்துவக் கல்லூரிக்கோ போகலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், காசு மிச்சமாகும்.

அதற்குப் பிறகும் மஞ்சள் உறுத்தினால்தான் ப்ளீச்சிங். இதில் வேலை செய்கிற மருந்து ஒன்றே ஒன்று: ஹைட்ரஜன் பெராக்சைடு. நேராகவும் தருவார்கள், கார்பமைடு பெராக்சைடு என்ற வடிவிலும் தருவார்கள். பெராக்சைடு மூலக்கூறு மிகச் சிறியது. எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் போய், நிறம் கொடுக்கும் பொருள்களை உடைத்து நிறமில்லாதவையாக்குகிறது. சுரண்டல் இல்லை, அமிலம் இல்லை. உள்ளே நரம்பு வரை போவதால்தான் கூச்சம் வருகிறது.

இதை வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் முறை கண்டுபிடிக்கப்பட்ட கதை எனக்குப் பிடிக்கும். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், பல்லுக்குக் கம்பி போடும் மருத்துவர் ஒருவர், ஈறு புண் ஆறுவதற்காகப் பத்து சதவீதக் கார்பமைடு பெராக்சைடைப் பல்வரிசைமேல் மாட்டும் ட்ரேயில் விட்டு இரவில் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஈறு ஆறியது, கூடவே பல்லும் வெளுத்திருந்தது. ஈறு மருந்தாக வந்தது அப்படித்தான் பல் வெளுக்கும் மருந்தானது. 1989இல் ஹேவுட், ஹெய்மன் என்ற இருவர் இதை முறையாக எழுதி வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இன்றைக்கும் மற்ற முறைகளை இதோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறோம்.

உங்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான். பல்லை அளவெடுத்து, உங்கள் வாய்க்கென்றே மெல்லிய ஒளிபுகும் ட்ரே செய்வார்கள். கூடவே பத்து சதவீத ஜெல் சிரிஞ்சில் வரும். இரவில் பல் தேய்த்துவிட்டு, ட்ரேயில் ஒவ்வொரு முன்பல் குழியிலும் ஓர் அரிசி அளவு ஜெல். அவ்வளவுதான், நிரப்பக் கூடாது. போட்டதும் ஈறில் பிதுங்கி வந்ததை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுத் தூங்கலாம். மருந்தின் வேகத்தில் பாதி முதல் இரண்டு மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும், மீதி விடியும்வரை மெல்ல வேலை செய்யும். முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியாது. பத்தாவது நாள் வீட்டில் யாராவது கேட்பார்கள். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் உங்கள் பல்லுக்கு முடிந்த எல்லை வந்துவிடும். அதன்பின் எவ்வளவு போட்டாலும் ஏறாது. கூச்சம் வந்தால் ஓர் இரவு விட்டு ஓர் இரவு போடுங்கள், பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பேஸ்ட்டைப் பயன்படுத்துங்கள். உங்கள் விஷயத்தில் இதற்கு முன்னாலேயே கரியை நிறுத்தி, கூச்சம் முழுக்க அடங்கியாக வேண்டும். சொத்தை இருந்தால் அதையும் அடைத்தபின்தான். சொத்தை ஓட்டை வழியாகப் பெராக்சைடு போனால் இரவு முழுக்க உங்களோடு நானும் விழித்திருக்க வேண்டிவரும்.

அந்த ஒரே சிட்டிங்? அது மோசடி இல்லை. முப்பத்தைந்து, நாற்பது சதவீதப் பெராக்சைடை ஈறுக்குத் தடுப்புப் பூசி, ஒன்றரை மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று தடவை வைத்து எடுப்பார்கள். ‘லேசர்’ என்பது பல இடங்களில் நீல வெளிச்சம் தரும் எல்.இ.டி. விளக்குதான். வெளுப்பது மருந்தால், விளக்கு பெரிதாக ஒன்றும் கூட்டிவிடுவதில்லை. ‘எட்டு ஷேடு’ கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் நிறம் பார்க்க வைத்திருக்கும் ஷேடு கைடில் 16 பல் மாதிரிகள் இருக்கும், வெளுப்பிலிருந்து அடர்நிறம் வரை வரிசையாக அடுக்கலாம். ஒன்றரை மணி நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்தால் எந்தப் பல்லும் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். அந்த நிமிடத்தில் கைடைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் எட்டு என்ன, பத்துகூடக் காட்டலாம். எச்சிலில் ஊறி ஓரிரு வாரம் கழித்து நிற்கிற நிறம்தான் உண்மையான நிறம். அதனால் அங்கே போவதென்றால் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: இரண்டு வாரம் கழித்து ஷேடு பார்ப்பீர்களா, அடிபட்ட பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தீர்களா? இந்த இரண்டுக்கும் நேரான பதில் வந்தால் நல்ல கிளினிக்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012இலிருந்து 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை பெராக்சைடு உள்ள வெளுக்கும் பொருள்களைப் பல் மருத்துவர் வழியாக மட்டுமே தர வேண்டும், பதினெட்டு வயதுக்குக் கீழே தரவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. வீட்டுக்கே பார்சலில் வரும் பட்டைகளையும் பேனாக்களையும் வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நான் செய்த தவற்றிலிருந்து கற்றது. ப்ராக்டிஸ் ஆரம்பித்த புதிது. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண் வந்தாள். பத்து நாளில் முகூர்த்தம். நன்றாகவே வெளுத்துக் கொடுத்தேன். முன்பல்லின் ஓரத்தில் பல் நிறத்தில் ஒரு பழைய ஃபில்லிங் இருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெராக்சைடு பல்லைத்தான் வெளுக்கும், ஃபில்லிங்கையோ கேப்பையோ தொடாது. அதுவரை யார் கண்ணுக்கும் படாத ஃபில்லிங், வெள்ளைப் பல்லின் நடுவே மஞ்சள் திட்டாக எழுந்து நின்றது. உடனே மாற்றலாம் என்றால் அதுவும் முடியாது. ப்ளீச்சிங் முடிந்து பத்துப் பதினைந்து நாள் வரை பல்லில் தங்கும் ஆக்சிஜன் புது ஃபில்லிங்கைச் சரியாக ஒட்டவிடாது. கல்யாண ஆல்பத்தில் அந்தப் பெண் வாயை மூடியே சிரித்திருப்பதை அவள் அம்மாவே என்னிடம் காட்டினார். திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் வாருங்கள் என்று நான் எல்லோரிடமும் நச்சரிப்பது அதனால்தான்.

இப்போது உங்கள் சாம்பல் பல். பந்து பட்டபோது உள்ளே ரத்தம் கசிந்து, அதன் இரும்புச் சத்து டென்டினின் நுண்குழாய்களில் படிந்திருக்கிறது. பெரும்பாலும் நரம்பு அப்போதே செத்துப்போயிருக்கும். பதினைந்து வருடமாக வலி இல்லையே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். செத்த பல் வலிக்காமலே வேர்நுனியில் சீழ்ப்பை கட்டிக்கொண்டிருக்கலாம். முதலில் ஒரு எக்ஸ்ரே, ஒரு குளிர்ச் சோதனை. நரம்பு போயிருந்தால் ரூட் கெனால், அதாவது செத்த நரம்பை எடுத்துவிட்டு வேரின் உள்ளே அடைப்பது. அது முடிந்ததும் பல்லுக்குள்ளேயே வெளுக்கும் மருந்தை வைக்கலாம். வேரில் அடைத்ததை ஈறுமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரை எடுத்து, அங்கே சிமெண்ட் வைத்து மூடி, அதன்மேல் சோடியம் பெர்போரேட்டைத் தண்ணீரில் குழைத்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்புவோம். வாரம் ஒருமுறை மாற்றினால் மூன்று நான்கு தடவையில் பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு வந்துவிடும். இது 1960களிலிருந்தே செய்துவரும் வைத்தியம். மருந்து வேர்க்கழுத்து வழியாகக் கசிந்தால் வெளியிலிருந்து வேர் அரிக்கப்படும் ஆபத்து சிறிதளவு உண்டு. அடிபட்ட பல்லில் கொஞ்சம் கூடுதல். அதனால்தான் அந்த சிமெண்ட் தடுப்பு முக்கியம், வருடம் ஒருமுறை எக்ஸ்ரேயும் முக்கியம். சில வருடத்தில் நிறம் கொஞ்சம் திரும்பலாம், மறுபடி வைக்கலாம். ‘ரூட் கெனால் செய்த பல்தானே, கேப் போட்டுவிடலாம்’ என்று யாராவது அவசரப்பட்டால் சம்மதிக்காதீர்கள். முழுசாக இருக்கும் முன்பல்லை நிறத்துக்காகச் சுற்றிலும் சீவுவது வீண்.

வெனீர் பற்றியும் அதேதான். அரை மில்லிமீட்டர் அளவுக்கு எனாமலைச் சீவி மேலே பீங்கான் சில்லு ஒட்டுவது. அழகாக இருக்கும், திரும்பி வரும் வழி கிடையாது. பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டிவரும். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையால் பட்டை பட்டையாகச் சாம்பலும் பழுப்புமாக ஆன பல்லுக்கு அது நியாயம். கர்ப்பத்தின் பின்பாதியிலும் எட்டு வயதுக்குள்ளும் அந்த மருந்து உள்ளே போனால் வருகிற நிறம் அது. வீட்டு ட்ரே முறையில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று பொறுமையாகப் போட்டால் அதுவும் ஓரளவு குறையும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்து நெய்வேலியில் வேலைக்கு வந்தவர்களிடம் பார்ப்பது ஃப்ளோரைடு தண்ணீரால் வந்த வெள்ளைத் திட்டு, பழுப்புத் திட்டு. அதற்கு மேலடுக்கை மட்டும் மெல்லத் தேய்த்தெடுக்கும் முறையும், திட்டுக்குள் பிசினை ஊறவிட்டு மறைக்கும் முறையும் இருக்கின்றன. உங்களுக்கு இவை எதுவும் வேண்டாம்.

ஆக, இந்த வாரமே எக்ஸ்ரேயும் க்ளீனிங்கும். கரி இன்றோடு நிறுத்தம். அடுத்த ஒரு மாதத்தில் ரூட் கெனாலும் கூச்சம் அடங்குவதும். அதன்பின் மூன்று வாரம் ட்ரே; கூடவே அந்த ஒரு பல்லுக்கு உள்மருந்து. மார்கழி பிறப்பதற்குள் ப்ளீச்சிங்கை முடித்துவிட்டு, ஃபில்லிங் ஏதாவது இருந்தால் மார்கழி கடைசியில் மாற்றிக்கொள்ளலாம். ட்ரே போடும் நாட்களில் டீயை இரண்டாகக் குறைத்து, குடித்ததும் வாயைக் கொப்பளியுங்கள். சாம்பாரை விட்டு மூன்று வாரம் தயிர்சாதத்தில் இருக்க வேண்டியதில்லை. அவ்வளவு கெடுபிடி தேவையில்லை. ட்ரேயைப் பத்திரமாக வைத்திருங்கள். ஓரிரு வருடத்தில் மங்கினால் நாலு நாள் ஜெல் போட்டாலே போதும். மூக்குத்தி வைரம் மாதிரி மின்னுகிற வெள்ளை வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். கண்ணின் வெள்ளையைவிடப் பல் வெள்ளையாக இருந்தால் பார்க்கிறவர்களுக்குப் பல்செட் மாதிரிதான் தெரியும்.

கடைசியாக அப்பா. அவர் பல்லின் மேல் இருக்கும் செம்பழுப்புக் கறை ஒன்றிரண்டு சிட்டிங்கில் க்ளீனிங்கிலேயே பெரும்பாலும் போய்விடும். ஆனால் எனக்கு அவர் பல்லில் அக்கறை இரண்டாம்பட்சம். இன்று ராத்திரி சாப்பிடும் முன் அவரை வாயைத் திறக்கச் சொல்லுங்கள். அவருடைய மூன்று விரல்கள், ஆள்காட்டி, நடு, மோதிர விரல், ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைகிறதா பாருங்கள். இரண்டுதான் நுழைகிறது என்றால் பாக்கினால் கன்னத்துச் சதை இறுகத் தொடங்கியிருக்கலாம். காரம் பட்டால் எரிகிறது என்கிறாரா? வெற்றிலையை அடக்கும் பக்கத்துக் கன்னத்தில் டார்ச் அடித்து, துடைத்தாலும் போகாத வெள்ளைப் படையோ, சிவந்த திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியிலேயே சொல்லிவிட்டது. ‘நான் புகையிலை போடுவதில்லையே’ என்று அவர் சொன்னால் இதைச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் உங்கள் ப்ளீச்சிங்கைத் தள்ளிவைத்துவிட்டு, நாளைக் காலையே அவரைக் கூட்டிக்கொண்டு கோரிமேட்டுக்குப் பஸ் ஏறுங்கள்.